கண்ணாடித் தட்டு சொன்ன பொய்!

காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக நீங்கள் எங்கே போவீர்கள்? சங்கோஜப்பட வேண்டாம். எல்லோரும் போகிற இடம்தான்!

சிம்பன்ஸியும் அப்படியே. ஆப்பிரிக்கக் காட்டில் பொழுது சாய்ந்ததும் அது ஒரு மரத்தில் ஏறி, கிளைகளை வளைத்து மடக்கி, மேலே இலைகளைப் பரப்பிப் படுக்கை தயார் செய்துகொள்ளும். தினமும் புதுப் படுக்கை! விடிந்ததும் எழுந்து, படுக்கை ஓரத்துக்கு வந்து ‘காரியத்தை’ முடித்துவிட்டு, பழம் தேடிக் கிளம்பிவிடும்.

அந்த மரத்துக்குக் கீழே (நேர் கீழே அல்ல, கொஞ்சம் தள்ளி!) ஒரு ஆசாமி இருட்டிலேயே வந்து உட்கார்ந்திருப்பார். கையுறை, சின்னக் கரண்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்... இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். சிம்பன்ஸி நகர்ந்ததும் ஓடிப்போய், மண்ணில் படாத பகுதியாகப் பார்த்து, கோலிக்குண்டு அளவுக்கு எடுத்துக் குழாயில் போட்டு மூடுவார். தேதி, நேரம், இடம், சிம்பன்ஸிக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் – எல்லாவற்றையும் எழுதுவார். பிறகு, நகையை வைப்பதுபோல அதைப் பெட்டிக்குள் வைப்பார்.

முகத்தைச் சுளிக்காதீர்கள்! மனித மலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றோடு பூஞ்சைகளும் உண்டு. நாம் சாப்பிடுவதில் நம்மால் ஜீரணிக்க முடியாத நாரை உடைப்பதும், நோய்க் கிருமிகளுக்கு இடம் தராமல் மடக்குவதும் இந்தக் குடித்தனக்காரர்கள்தான். குரங்குகளுக்கும் அதே கதை. நமக்கும் அவற்றுக்கும் குடலில் என்ன ஒற்றுமை, எங்கே பிரிந்தோம், நாம் எதைத் தொலைத்தோம் – எல்லாவற்றுக்கும் விடை அந்தக் குழாய்க்குள் இருக்கிறது.

ஆனால், அந்த விடையைப் படிக்கத் தெரிந்துகொள்ள மனிதனுக்கு முந்நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதுக் கருவியைக் கண்டுபிடித்தது. அந்தக் கருவியில் தெரிந்ததை ‘இருக்கிறது’ என்றது. தெரியாததை ‘இல்லை’ என்று அடித்துச் சொன்னது. அடுத்த தலைமுறை வந்து, ‘அடப்பாவி, இங்கேதானே இருக்கு!’ என்றது. இப்படியே மாறி மாறி!

* * *

முதல் ஆள் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்கிற ஊர். பெயர், ஆன்டனி வான் லேவன்ஹூக். காலேஜ் வாசல் மிதிக்காதவர். ஆனால், கண்ணாடித் துளியைத் தேய்த்துத் தேய்த்து லென்ஸ் செய்வதில் கில்லாடி. கண்ணில் பட்டதையெல்லாம் அந்த லென்ஸ் வழியாகப் பார்ப்பது அவருடைய பித்து. மிளகு ஊறிய தண்ணீர், பல் அழுக்கு... எதையும் விட்டுவைக்கவில்லை.

1681-ல் அவருக்கு வயிற்றுப்போக்கு. வேறு யாராவது என்றால் கஷாயம் குடித்துப் படுத்திருப்பார்கள். இவரோ, அதிலேயே ஒரு துளி எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டார்! உள்ளே குட்டிக் குட்டிப் பிராணிகள் ஓடியாடிக்கொண்டிருந்தன. அவற்றின் உருவம், வேகம் எல்லாவற்றையும் விவரமாக எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் அனுப்பினார். அவர் பார்த்தவற்றில் ஒன்று, இன்றைக்கும் நம்மைப் பாடாய்ப் படுத்தும் ஜியார்டியா என்று அந்த வர்ணனையை வைத்தே கண்டுகொள்ளலாம்.

பார்த்தாயிற்று. சரி, யார் யார் என்று தெரிய வேண்டாமா? மொட்டை மாடியில் நின்று திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரிதான். தலைகள் தெரியும், பெயர், ஊர், தொழில் தெரியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைத்து விசாரிக்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழி கிடைக்க இருநூறு வருடம் ஆயிற்று. கிடைத்த இடம், உருளைக்கிழங்கு!

ஜெர்மனியின் ராபர்ட் காக், வேகவைத்த உருளைக்கிழங்கை வெட்டி, அதன் மேல் கிருமிகளைத் தடவி வைத்தார். ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகி, ஒரு தனிப் புள்ளியாக வளர்ந்தது. ஒரு புள்ளி என்றால் ஒரே வம்சம். பிரமாதமான யோசனை. ஆனால், எல்லாக் கிருமிக்கும் உருளைக்கிழங்கு ருசிக்கவில்லை. அதனால், கறிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து உறைய வைத்தார். அதற்கும் ஒரு வில்லன் வந்தான். வெயில்! கோடையில் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும்.

காக்கின் லேபில் வால்டர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் இருந்தார். உருகிப்போன ஜெலட்டினோடு அவர் அல்லாடுவதை மனைவி ஃபேனி பார்த்தார். அந்த அம்மா வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் எந்த வெயிலிலும் உருகாது! ‘எப்படி?’ என்று கேட்டார் கணவர். நியூயார்க்கில் ஃபேனி வளர்ந்தபோது, ஜாவா தீவில் இருந்து வந்த ஒரு டச்சுக் குடும்பம் பக்கத்தில் இருந்ததாம். அவர்கள் சொல்லிக் கொடுத்த பொருள், அகர் அகர்.

நம்ம ஊர் பாஷையில் கடல்பாசி! நோன்பு மாதத்தில் பால் விட்டுக் காய்ச்சி, உறைய வைத்து, துண்டு போடுகிறார்களே, அதேதான். மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டாலும் கிடைக்கும். சுமார் 85 டிகிரியில்தான் இளகும். இளகியது சுமார் 40 டிகிரிக்கு இறங்கிய பிறகே உறையும். உடம்புச் சூட்டில் கிருமியை வளர்க்க இதைவிடத் தோதான பொருள் கிடையாது. 1882-ல் காச நோய்க் கிருமி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் காக் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை. 1887-ல் காக்கின் உதவியாளர் பெட்ரி மூடியுள்ள ஒரு வட்டக் கண்ணாடித் தட்டைச் செய்தார். அவர் பெயர் மட்டும் ‘பெட்ரி தட்டு’ என்று உலகமெங்கும் நிலைத்துவிட்டது. சமையலறையில் இருந்து வந்த ஐடியாவுக்குத்தான் பெயர் இல்லை!

* * *

காக்கின் இந்த வளர்ப்பு உத்தியை வைத்துக்கொண்டு, பெட்ரியின் தட்டு வருவதற்கு முன்பே, முனிக் நகரத்துக் குழந்தை டாக்டர் தியோடர் எஷரிச் ஒரு வேலையில் இறங்கினார். பச்சைக் குழந்தைகளின் மலத்தை எடுத்து வளர்த்துப் பார்ப்பது. 1885-ல் அதில் ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார். எந்தத் தட்டில் போட்டாலும் மளமளவென்று வளர்ந்தது. பின்னால் அதற்கு ‘எஷரிச்சியா’ என்று அவர் பெயரே கிடைத்தது. அந்தப் பெயரை 1919-ல் வைத்தவர்கள் காஸ்டெல்லானி, சால்மர்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள். இரண்டு பேருமே ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கொழும்பில் வேலை பார்த்தவர்கள்!

அந்த பாக்டீரியாதான் ஈ.கோலை. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடிதண்ணீரைப் பரிசோதித்து, ‘ஈ.கோலை இருக்கிறது, குடிக்காதீர்கள்’ என்பார்களே. குடல் பாக்டீரியா என்றாலே ஈ.கோலைதான் என்று பல காலம் டாக்டர்கள் நினைத்தார்கள்.

உண்மை என்ன தெரியுமா? ஆரோக்கியமான ஒரு பெரிய ஆளின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் ஈ.கோலை நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாது! கூட்டத்தில் அது ஒரு சின்ன ஆள். ஆனால், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்கிற ஆள். காற்று இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். மற்றவர்கள்? தட்டில் வைத்ததுமே செத்துப் போனார்கள். செத்தவர்களைக் கண்ணாடித் தட்டு ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டது.

இதற்கிடையில் பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த மெச்னிகாஃப் என்ற மேதை, குடலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நமது பெருங்குடல் ஒரு சாக்கடை. அங்கே அழுகுவதால்தான் முதுமை சீக்கிரம் வருகிறது. தயிர் சாப்பிட்டால் அதிலுள்ள பாக்டீரியா அதைத் தடுக்கும் என்பது அவர் கட்சி. ஐரோப்பாவில் தயிருக்கு அப்படியொரு கிராக்கி வந்ததற்கு இவர்தான் காரணம். (தயிர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது என்கிற நம்மிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்!) மனித நோயை ஆராய மனிதனுக்கு நெருங்கிய சொந்தமே வேண்டும் என்று சிம்பன்ஸியை லேபுக்குள் கொண்டுவந்தவர்களிலும் இவர் ஒருவர். 1903-ல் இவரும் எமில் ரூவும் சிம்பன்ஸிக்கு சிஃபிலிஸ் நோயைத் தொற்ற வைத்துக் காட்டினார்கள். இன்றைக்குப் படித்தால் மனசு பதறுகிறது. அன்று குரங்கு என்பது வெறும் ‘பரிசோதனைக்கான மனிதன்’. அதன் வயிற்றுக்கென்று ஒரு தனி உலகம் உண்டு, அதையும் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

* * *

சரி, தட்டில் செத்தவர்கள் ஏன் செத்தார்கள்? விஷம் வைத்தது யார்?

காற்று! குடலின் ஆழத்தில் ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே பரம்பரை பரம்பரையாக வாழ்ந்தவர்களுக்கு நாம் சுவாசிக்கிற ஆக்ஸிஜனே நஞ்சு. மீனைத் தரையில் போட்டுவிட்டு, ‘இது நீந்தவே இல்லையே’ என்று குறிப்பெழுதிய கதைதான்.

இதைச் சரி செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் ஹங்கேட். கரையானின் வயிற்றிலும் மாட்டின் வயிற்றிலும் ஆராய்ச்சி செய்தவர். பெட்ரி தட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, 1940-களில் ஒரு புது உத்தியைக் கொண்டுவந்தார். சத்துக் கரைசலைக் கொதிக்க வைத்துக் காற்றை விரட்டுவார். குழாய்க்குள் கார்பன் டை ஆக்ஸைடைச் செலுத்திக்கொண்டே இருப்பார். அந்த வாயுவிலும் துளி ஆக்ஸிஜன் இருக்கக்கூடாது என்று சூடான செம்பின் மேல் ஓட விட்டுச் சுத்தம் செய்வார். உருகிய அகரில் குடல் சாற்றைக் கலந்து, ரப்பரால் இறுக்கி மூடி, குழாயைக் குளிர்ச்சியில் படுக்கப் போட்டு உருட்டுவார். அகர், குழாயின் உள்சுவரில் தோசை மாதிரி மெல்லிசாகப் படிந்து உறையும். கரைசலில் ஒரு சாயமும் கலந்திருக்கும். ஆக்ஸிஜன் நுழைந்தால் ரோஸ் நிறமாக மாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

சில நாளில் குழாயின் சுவரெங்கும் புள்ளிகள்! அதுவரை ‘இல்லை’ என்று எழுதப்பட்டவர்கள் எழுந்து வந்தார்கள். பின்னால் இந்த உத்தி மனிதன், குரங்கு என்று எல்லாக் குடலுக்கும் போனது. 1960-களின் கடைசியில், கையுறைகள் பொருத்திய, ஆக்ஸிஜன் இல்லாத பெரிய பிளாஸ்டிக் கூடாரங்கள் வந்தன. வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யலாம்.

பாக்டீரியாவுக்கு விமோசனம் கிடைத்தது. பூஞ்சை? அதற்கு இன்னும் கெட்ட காலம். ‘பூஞ்சைக்கு ஆக்ஸிஜன் கட்டாயம் வேண்டும், ஆகவே ஆழ்குடலில் அது வாழ முடியாது’ என்று பாடப்புத்தகமே எழுதி வைத்துவிட்டது. அதனால் யாரும் தேடவே இல்லை.

1970-களில் இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்ற ஆராய்ச்சியாளர் ஆட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால் மாதிரி நூல்களை ஆட்டி நீந்தும் சில நுண்ணுயிர்கள் அங்கே உண்டு. 1910-களிலிருந்து அவற்றை ஒரு செல் பிராணிகள் என்று எழுதி வந்தார்கள். ஆர்ப்பின் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஆட்டுக்குத் தீனி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் இவற்றின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறுகிறது. என்னதான் வேகமாகக் குட்டி போட்டாலும் அவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு வர முடியாதே? அப்படியானால் எங்கிருந்தோ ‘அவிழ்த்து’ விடப்படுகின்றன!

எங்கிருந்து? வைக்கோல் நாரின் மேல் வேர் விட்டு ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு பூஞ்சை. நீந்துவது பிராணி இல்லை. அந்தப் பூஞ்சை வெடித்து விடும் விதைத் துகள்! 1975-ல் அறிவித்தார். பலர் நம்பவில்லை. பூஞ்சைகளில் காணப்படும் கைட்டின் என்ற பொருள் அதன் சுவரில் இருப்பதை 1977-ல் காட்டினார். வாயடைத்துப் போனது.

அதுவரை எப்படி ஒருத்தர் கண்ணிலும் படவில்லை? காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எல்லா லேபிலும் ஆட்டு வயிற்றுச் சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை மட்டும் ஆராய்ந்தார்கள். சக்கையைக் குப்பையில் போட்டார்கள். பூஞ்சை, சக்கையில் இருந்தது!

* * *

அடுத்த திருப்பம், வளர்க்காமலேயே ஆளை அடையாளம் காண்பது.

மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் நூறு தலை தெரிகிறது. தட்டில் ஒன்றுதான் வளர்கிறது. மண், தண்ணீர் என்று எங்கே பார்த்தாலும் இதே முரண்பாடு. 1985-ல் ஸ்டேலி, கொனாப்கா என்ற இருவர் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள் – மாபெரும் தட்டுக் கணக்குக் குளறுபடி!

தீர்வுக்கு வழி போட்டவர் அமெரிக்காவின் கார்ல் வோஸ். எல்லா உயிரிலும் புரதம் தயாரிக்கும் ஒரு குட்டி இயந்திரம் உண்டு. அதன் ஒரு பாகத்தை எழுதி வைத்திருக்கும் ஜீன், பாக்டீரியாவில் ‘16எஸ்’ எனப்படுவது, யுகக் கணக்கில் மெல்ல மெல்ல மாறும். இரண்டு உயிர்களின் 16எஸ் வரிகளை ஒப்பிட்டால், அவை எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். வம்சாவளி ஜாதகம்! 1977-ல் இதை வைத்து உயிர்களின் குடும்ப மரத்தையே மாற்றி வரைந்தார் வோஸ். 1983-ல் கேரி முல்லிஸ், துளி டி.என்.ஏ-வைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் பி.சி.ஆர். உத்தியைக் கண்டுபிடித்தார். 1993-ல் நோபல் பரிசு. இரண்டையும் சேர்த்தால்? கிருமியை வளர்க்கவே வேண்டாம். டி.என்.ஏ-வை உருவி, ஜாதகத்தைப் படித்துவிடலாம்.

பூஞ்சைக்கு 16எஸ் கிடையாது. அதற்கு வேறு ஜாதகம் வேண்டும். 1990-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நால்வர், இரண்டு ஜீன்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் ‘ஐ.டி.எஸ்.’ என்ற பகுதியைப் படிக்க வழி செய்தார்கள். சும்மா கிடப்பதால் அது சீக்கிரம் மாறும். இனத்துக்கு இனம் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2012-ல் அதையே பூஞ்சைகளின் அடையாள அட்டையாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. ஜாதகத்தைப் படிக்க முதலில் செல்லை உடைக்க வேண்டும். பூஞ்சையின் கைட்டின் சுவர் இருக்கிறதே, நண்டின் ஓட்டில் இருக்கும் அதே சரக்கு! வெறும் ரசாயனத்துக்கு மசியாது. அதனால் குழாய்க்குள் ரவை மாதிரி கெட்டியான குட்டி மணிகளைப் போட்டு, இயந்திரத்தில் பேய்த்தனமாகக் குலுக்குவார்கள். மிக்ஸியில் அரைக்கிற மாதிரிதான். குறைவாகக் குலுக்கினால் முரட்டுச் சுவர்க்காரர்கள் தப்பித்துவிடுவார்கள். கணக்கில் வர மாட்டார்கள். அதிகமாகக் குலுக்கினால் மெல்லிய சுவர்க்காரர்களின் டி.என்.ஏ. தூள் தூளாகிவிடும். பார்த்தீர்களா? தட்டு போய் மணி வந்தது. ஆனாலும் ‘இல்லை’ என்ற பொய் மட்டும் போகவில்லை!

* * *

இப்போது மறுபடி அந்த மரத்தடிக்கு வருவோம்.

காட்டுச் சிம்பன்ஸியைப் பிடிக்காமல், ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் ஆராய முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியது சாணம்தான். மாங்காயை உப்பில் போடுகிற மாதிரி, செறிவான உப்புக் கரைசலில் சாணத்தைப் போட்டு வைத்தால், குளிர்பெட்டி இல்லாத காட்டிலும் அதன் மரபுப் பொருள் கெடாது. 2006-ல் பியாட்ரிஸ் ஹான் என்ற பெண்மணியின் குழு, காமரூன் காட்டில் இப்படிச் சேகரித்த சாணத்தை வைத்துத்தான், எய்ட்ஸ் பரப்பிய வைரஸின் ஆதி ஊற்று அந்தப் பகுதிச் சிம்பன்ஸிகள் என்று நிரூபித்தது.

வைரஸுக்குச் செய்ததை பாக்டீரியாவுக்கும் செய்தார்கள். சிம்பன்ஸி, போனபோ, கொரில்லா, மனிதன் – நான்கு பேரின் குடல் பாக்டீரியாக்களையும் ஒப்பிட்ட ஒரு ஆராய்ச்சி 2016-ல் வெளியானது. இங்கே 16எஸ் போதவில்லை. அது ஆமை வேகத்தில் மாறுவது. சில பத்து லட்சம் வருட வித்தியாசத்தைப் பார்க்க, வேகமாக மாறும் இன்னொரு ஜீனை எடுத்துக்கொண்டார்கள். முடிவு சிலிர்க்க வைத்தது. சில பாக்டீரியாக் குடும்பங்களின் வம்சாவளி, நம்முடைய வம்சாவளியை அப்படியே ஒத்திருந்தது! நாமும் சிம்பன்ஸியும் பிரிந்தபோது நம் குடலில் இருந்தவையும் பிரிந்திருக்கின்றன. தாய் தன் பிள்ளைக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குக் கொடுத்து... லட்சக்கணக்கான தலைமுறைகளாக வந்த சீதனம். வெளிக்காற்றைத் தாங்கி, விதைபோல உறங்கத் தெரிந்த வேறொரு குடும்பம் மட்டும் இப்படி ஒத்துவரவில்லை. அது வீடு மாறிக் குடியேறத் தெரிந்த கூட்டம்.

கென்யாவின் அம்போசெலி பபூன்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். 1971-ல் இருந்து அந்தக் குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அவற்றின் ஹார்மோனை அளக்கச் சாணத்தைச் சேகரித்து, ஆல்கஹாலில் போட்டு, உறைய வைத்து உலர்த்தி, சலித்துப் பத்திரப்படுத்தினார்கள். குடல் பாக்டீரியா பற்றிய கேள்வி பிற்பாடு வந்தது. பொடி தயாராக இருந்தது! 2015-ல் வந்த முடிவு: ஒன்றுக்கொன்று அதிகம் பேன் பார்த்துக்கொள்ளும் பபூன்களின் குடல் பாக்டீரியாவும் ஒரே மாதிரி. சிநேகிதம் வயிறு வரை போகிறது! 2021-ல், 14 வருடம், 585 பபூன்கள், 16,234 மாதிரிகளை அலசியபோது, குடல் பாக்டீரியாவின் அநேகமாக எல்லாக் குணங்களிலும் பரம்பரையின் பங்கு கொஞ்சமாவது தெரிந்தது. ஒரு ஆளிடம் ஒரே ஒரு முறை மட்டும் எடுத்த மாதிரிகளில் இது பெரும்பாலும் மறைந்தே போயிருந்தது. இங்கே கருவி, பொறுமை!

* * *

இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்.

வியட்நாமில் டூக் என்றொரு அழகான குரங்கு உண்டு. முழங்காலுக்குக் கீழே சிவப்பு ஸ்டாக்கிங்ஸ் போட்ட மாதிரி இருக்கும். இலைதான் அதற்கு உணவு. கூண்டில் வளர்ப்பது கஷ்டம். வயிறு கெட்டுக்கொண்டே இருக்கும். ஏன்? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, காட்டு டூக், மீட்பு மையத்து டூக், மிருகக்காட்சி சாலை டூக் எல்லாவற்றின் சாணத்தையும் ஒப்பிட்டது. 2016-ல் முடிவு வெளியானது. காட்டில் வகை வகையாக இருந்த பாக்டீரியாக்கள் கூண்டுக்குள் வர வரக் குறைந்துகொண்டே போயின. மீட்பு மையத்துக் குரங்குகள் நடுவில் நின்றன. காலியான இடத்தில் யார் வந்து உட்கார்ந்தது தெரியுமா? நவீன மனிதனின் குடலில் மலிந்து கிடக்கும் அதே இரண்டு பாக்டீரியா இனங்கள்! வகை வகையான இலை போய், நார் குறைந்த சாப்பாடு வந்ததன் விளைவு. கூண்டுக்குள் போன குரங்கின் வயிறு, மனிதனின் வயிறாக மாறிவிட்டது.

அதே பல்கலைக்கழகம் 2018-ல் இன்னொன்றையும் காட்டியது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹ்மாங், கேரன் மக்களின் குடலிலும், வருடங்கள் போகப் போக, சொந்த ஊர் பாக்டீரியாக்கள் மறைந்து அமெரிக்கச் சரக்கு நிறைந்தது. குரங்குக்கு இரும்புக் கூண்டு. நமக்கு? பாக்கெட் சாப்பாடு!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘இல்லை’ என்று பொய் சொன்ன கருவிகளைப் பார்த்தோம். இந்த டி.என்.ஏ. உத்தியோ ‘இருக்கிறது’ என்றும் பொய் சொல்லும்! 2014-ல் ஒரு பிரிட்டிஷ் குழு, ஒரே ஒரு வகை பாக்டீரியா மட்டும் இருந்த கரைசலில் தண்ணீர் கலந்து கலந்து நீர்க்க வைத்துச் சோதித்தது. நீர்க்க நீர்க்க, குழாயில் போடாத பாக்டீரியாக்களின் பெயரெல்லாம் வரத் தொடங்கின! எங்கிருந்து? கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியின் மருந்திலேயே அவற்றின் டி.என்.ஏ. இருந்தது. அதனால், ஒன்றுமே போடாத காலிக் குழாயையும் கூடவே சோதிப்பது நல்ல லேபின் லட்சணம்.

பூஞ்சை விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி. பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் குடலில் பூஞ்சை மிக மிகக் குறைச்சல். வந்த பூஞ்சை குடித்தனக்காரரா, வழிப்போக்கரா என்பதும் சந்தேகம். நீங்கள் ரொட்டி சாப்பிட்டால் ஈஸ்ட் வெளியே வரும். அது உங்கள் குடலில் வசித்தது என்று ஆகிவிடுமா? 2018-ல் மனிதர்களிடம் சோதித்தபோது, ரொட்டி ஈஸ்ட் சாப்பாட்டோடு வந்து சாப்பாட்டோடு போனது தெரிந்தது. ஒழுங்காகப் பல் தேய்த்ததும் கேண்டிடா என்ற இன்னொரு ஈஸ்ட்டும் மலத்தில் குறைந்தது. அது வாயிலிருந்து இறங்கிய சரக்கு! கனிந்து நுரைத்த அத்திப்பழத்தைத் தின்னும் சிம்பன்ஸியின் சாணத்தில் ஈஸ்ட் இருந்தால் என்ன சொல்வது? பழத்தையும் கூடவே சோதிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவேதான், போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள். மறுபடியும் வளர்ப்பது! 2012-ல் பிரான்ஸின் மார்செய் நகரத்தில், மனித மலத்தை 212 விதமான சூழல்களில் வளர்த்துப் பார்த்தார்கள். 340 வகை பாக்டீரியாக்கள் எழுந்து வந்தன. அவற்றில் 31 வகை உலகுக்கே புதுசு. பின்பு காமரூன் கொரில்லாக்களின் சாணத்தையும் இப்படி வளர்த்தார்கள். டி.என்.ஏ. பெயரைத்தான் சொல்லும். என்ன வேலை செய்கிறது என்று தெரிய, ஆள் உயிரோடு வேண்டுமே!

உயிரோடு வேண்டும்... அங்கேதான் அவசரம். உலகத்துக் குரங்கினங்களில் சுமார் 60 சதவிகிதம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2017-ல் விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள். ஒரு குரங்கினம் போனால் அது தனியாகப் போவதில்லை. லட்சக்கணக்கான தலைமுறைகளாகக் கைமாறி வந்த ஒரு குடல் உலகமும் சேர்ந்து போகிறது. அதில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கக்கூட நமக்கு நேரம் இருக்காது.

அதனால்தான் அந்த ஆசாமி விடிவதற்கு முன்பே மரத்தடிக்கு வந்து உட்காருகிறார். குளிர், கொசு, எறும்பு எதையும் பார்ப்பதில்லை. கையில் எடுப்பதில் சாறு எது, சக்கை எது என்று அவர் பிரிப்பதும் இல்லை. முன்னோர்கள் செய்த தப்பு அவருக்குத் தெரியும். இன்றைக்கு எதுவும் தெரியாத சக்கையில் நாளைக்கு எவனோ ஒருவன் எதையோ கண்டுபிடிக்கக்கூடும். அதனால், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மூடி வைக்கிறார்.

இனிமேல் யாராவது எதையாவது ‘அப்படி ஒன்று இல்லவே இல்லை’ என்று அடித்துப் பேசினால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

‘எதில் வடிகட்டிப் பார்த்தீர்கள்?’